விளக்கோடு எண்ணெயும்: வெளிநாட்டுத் திருப்பயணம் செல்வோர் கவனத்திற்கு



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்து வாசலில் நம்மைத் தேடி வருபவர்கள் முன்பெல்லாம் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். திருமண ஓலை வாசிப்பது பற்றிக் கேட்பார்கள். இப்போது வேறு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "சாமி, எருசலேம் போறதுக்குப் பேர் குடுத்திருக்கோம். போன் அங்கே வேலை செய்யுமா? சார்ஜ் போட என்ன எடுத்துக்கணும்?" என்று கேட்கிறார்கள். இது சாமியாரிடம் கேட்கவேண்டிய கேள்வியா என்று சிலர் சிரிக்கலாம். நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் சிரித்தோம். ஒரு திருப்பயணத்திற்குப் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியிலிருந்து திருநாட்டுக்குச் சென்ற குழுவில் ஒரு சகோதரர் இருந்தார். மல்லாட்டை பயிரிடும் விவசாயி. படுத்த படுக்கையாயிருந்த தாயிடம் ஆசி வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டார். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு கடைத்தெருவில் மலிவாகக் கிடைத்த ஒரு பவர் பேங்க் வாங்கினார். அதைப் பெரிய பெட்டியில் வைத்ததால், சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். அவருடைய சார்ஜரின் தடித்த 3 முனைகள் விடுதிச் சுவரில் நுழையவில்லை. 'அங்கே போனால் தானாகவே லைன் வந்துவிடும்' என்று யாரோ சொன்னதை நம்பி, ரோமிங் வசதியையும் கேட்டுப் பெறாமல் வந்திருந்தார். மூன்றாம் நாளில் அவருடைய கைப்பேசி அணைந்துபோனது.

அன்றிரவு ஊரில் தாய் இறந்தார். வீட்டார் இரவு முழுவதும் அவர் எண்ணுக்கே அழைத்திருக்கிறார்கள். குழுவில் வேறு யாருடைய எண்ணும் அவர்களிடம் இல்லை. விடிந்ததும் பங்கு இல்லத்துக்கு ஓடிவந்தார்கள். அங்கே இருந்தது நம்முடைய எண் ஒன்றுதான். நாமும் 'விடுதியில் வைஃபை இருக்கும், வாட்ஸ்அப் போதும்' என்று ரோமிங் போடாமல் போயிருந்தோம். அன்று தங்கிய விடுதியில் வைஃபை வேலை செய்யவில்லை. அடுத்த நாள் காலையில்தான் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஊரில் அடக்கம் நடந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அப்போது அவர் எங்களோடு கலிலேயக் கடலில் படகில் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "அடக்கத்துக்கு வந்து சேர முடியாதுன்னு எனக்கும் தெரியும் சாமி. ஆனா அந்த நேரத்துல ஒரு செபமாலையாவது சொல்லியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் நம் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. செல்போனுக்கு விளம்பரம் செய்வது நம் நோக்கமல்ல. நம் மக்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதே நோக்கம்.

கைப்பேசி ஏன் தேவையாகிவிட்டது?

1597ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு நிக்கோலஸ் பிமென்டா நம் செஞ்சிக்கு வந்தார். அப்போது இங்கே ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். செஞ்சியின் பரப்பைக் கண்டு வியந்து அவர் மடல் எழுதினார். அந்தக் காலத்தில் மடல்கள் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். புறப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே வீட்டாருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பயணிகளின் விசுவாசத்தை நாம் மெச்ச வேண்டும். ஆனால் இன்றைய பயணம் வேறுவிதமாக அமைந்துவிட்டது.

2024 டிசம்பர் 24 அன்று தொடங்கி 2026 சனவரி 6 அன்று நிறைவடைந்த யூபிலி ஆண்டை எண்ணிப் பார்ப்போம். உரோமையின் புனித கதவுகள் வழியே செல்ல விரும்பிய திருப்பயணிகள் இணையத்தில் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பதிவு செய்தவர்களுக்கு மின்னணுத் திருப்பயணி அட்டை கைப்பேசியிலேயே வந்தது. விமான டிக்கெட், விசா நகல், காப்பீட்டுத் தாள், அருங்காட்சியக நுழைவுச் சீட்டு எல்லாமே இன்று கைப்பேசிக்குள் போய்விட்டன. கைப்பேசி அணைந்தால் பயணியின் கையிலிருந்த தாள்களும் அதனோடு அணைந்துவிடுகின்றன.

இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2025 சூன் 13 அன்று இஸ்ரயேலுக்கும் ஈரானுக்கும் இடையே போர் மூண்டபோது இஸ்ரயேலின் வான்வழி மூடப்பட்டது. பயணிகள் பலர் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். இந்திய அரசு 'ஆபரேஷன் சிந்து' என்ற பெயரில் ஈரானிலிருந்தும் இஸ்ரயேலிலிருந்தும் நம் மக்களை மீட்டது. இஸ்ரயேலில் இருந்தவர்களைத் தரைவழியாக யோர்தானுக்கும் எகிப்துக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து விமானம் ஏற்றினார்கள். எங்கே கூடவேண்டும், எத்தனை மணிக்குப் பேருந்து என்ற தகவல்கள் கைப்பேசி வழியாகத்தான் வரும். அந்த வேளையில் அணைந்த கைப்பேசி எத்தனை பெரிய ஆபத்து என்று சொல்லவேண்டியதில்லை. 2023 அக்டோபர் 7க்குப் பிறகு திருநாட்டுப் பயணங்கள் பலமுறை தடைபட்டதை நாம் அறிவோம். பயணத் தேதி குறிக்கும் முன்பே வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் சுவரும் பிளக்கும்

வெளிநாட்டில் மின்சாரமும் நம் ஊர் மின்சாரம்தான். சுவரில் உள்ள துளைதான் வேறு. இந்தியா, இஸ்ரயேல், எகிப்து, இத்தாலி, பிரான்ஸ், போர்த்துகல் ஆகிய நாடுகளில் ஏறக்குறைய 230 வோல்ட்தான். அமெரிக்காவில் 120 வோல்ட். நம் கைப்பேசி சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் '100-240 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் உலகில் எங்கேயும் அதைப் பயன்படுத்தலாம்.

துளையின் வடிவத்தைப் பொறுத்தவரை, மெல்லிய 2 உருண்டை முனைகள் கொண்ட நம் கைப்பேசி சார்ஜர் உரோமையிலும், லூர்து நகரிலும், பாத்திமாவிலும், எருசலேமிலும், எகிப்திலும் பெரும்பாலும் பொருந்திவிடும். தடித்த 3 உருண்டை முனைகள் கொண்டது அங்கே நுழையாது. துபாய், சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகிய இடங்களில் தட்டையான 3 முனை கொண்ட பிளக் வேண்டும். யோர்தானில் பலவகைத் துளைகள் கலந்திருக்கும். ஆகவே எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் ஓர் 'உலக அடாப்டர்' வாங்கி வைத்துக்கொண்டால் கவலையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் போன்றவற்றை அமெரிக்காவுக்கு எடுத்துச்சென்று அடாப்டரில் செருகினால் வேலை செய்யாது. மூச்சுத் திணறலுக்கு நெபுலைசர் போன்ற கருவி வைத்திருக்கும் முதியவர்கள் அதன் வோல்ட்டைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு செய்திகள். விடுதி அறையில் 2 அல்லது 3 பேர் தங்குவோம். கட்டிலருகே ஒரு துளைதான் இருக்கும். ஒரே பிளக்கில் 3, 4 கைப்பேசிகளைச் செருகக்கூடிய சார்ஜர் ஒன்று அறைக்கு ஒருவரிடம் இருந்தால் சண்டையில்லாமல் தூங்கலாம். மேலும், பல விடுதிகளில் சாவி அட்டையைச் சுவரில் உள்ள பொறியிலிருந்து எடுத்தவுடன் அறையின் மின்சாரமே நின்றுவிடும். பவர் பேங்கைச் சார்ஜில் போட்டுவிட்டு உணவறைக்குச் சென்று, திரும்பி வந்து பார்த்தால் போட்டபடியே இருக்கும். இரவில் தூங்கும்போதே போட்டுவிடுங்கள்.

பவர் பேங்க்: எவ்வளவு பெரியது போதும்?

கடையில் 10,000, 20,000 என்று எண்ணைச் சொல்லி விற்கிறார்கள். அது மில்லி ஆம்பியர் மணி என்னும் அளவு. 5,000 கொள்ளளவுள்ள கைப்பேசியை 10,000 கொள்ளளவுள்ள பவர் பேங்க் இரண்டு முறை நிரப்பும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். உண்மையில் அப்படி நிரப்பாது. உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட்டில் சேமிக்கிறது; வெளியே 5 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கிறது. அந்த மாற்றத்திலும் சூட்டிலும் கொஞ்சம் வீணாகிறது. குடத்திலிருந்து சொம்புக்கு ஊற்றும்போது வழிவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். 10,000 என்று போட்டிருந்தால் 6,000 அளவுக்குத்தான் கைப்பேசிக்குப் போய்ச் சேரும். அதாவது ஒருமுறை நிரம்பி, மேலும் கொஞ்சம் மீதி இருக்கும். காலையில் விடுதியை விட்டு இரவில் திரும்பும் திருப்பயணிக்கு அது போதும். கணவன் மனைவி இருவருக்கும் ஒன்றே என்றால் 20,000 வாங்கலாம்.

விமானத்தில் கேட்பது வேறு கணக்கு. அங்கே 'வாட் மணி' என்ற அளவில் பார்க்கிறார்கள். மில்லி ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். 10,000 என்றால் 37 வாட் மணி. 20,000 என்றால் 74 வாட் மணி. 30,000 என்றால் 111 வாட் மணி. பொது விதி இதுதான்: 100 வாட் மணி வரை அனுமதி கேட்காமல் எடுத்துச் செல்லலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் பயணிகளுக்கு அனுமதியே இல்லை. எனவே பெரியதாக வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல. 20,000க்கு மேல் நமக்குத் தேவையும் இல்லை.

வாங்கும்போது அடிப்பக்கத்தில் கொள்ளளவு தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறதா, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட வாய்ப்புண்டு. உப்பிப்போனது, தண்ணீரில் விழுந்தது, தொட்டால் அதிகமாகச் சுடுவது ஆகியவற்றை இரக்கமின்றி வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

விமானத்துக்குள் ஏன் இத்தனைக் கெடுபிடி?

'ஒரு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு விதியா?' என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். காரணம் தெரிந்தால் சலிப்பு வராது. லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய ஒரு தடுப்பு இருக்கிறது. நசுங்கியோ, தயாரிப்புக் குறையாலோ அந்தத் தடுப்பு பழுதுபட்டால் உள்ளேயே மின்சாரம் குறுக்கே பாயும். அதனால் சூடு உண்டாகும். அந்தச் சூடு பக்கத்து அறையையும் பற்றவைக்கும். இப்படித் தானாகவே பெருகும் தீ அது. ஒருமுறை அணைத்தாலும் மறுபடியும் பற்றிக்கொள்ளக்கூடும்.

2025 சனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தின் பின்பகுதியில் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 176 பேரும் அவசர வழிகள் மூலம் வெளியேறினார்கள். விமானத்தின் மேற்கூரை எரிந்துபோனது. தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைத்திருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் இடைக்கால அறிக்கையில் கூறினார்கள். அது வானத்தில் நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே விதிகள் கடுமையாயின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு 100 வாட் மணிக்கு உட்பட்ட ஒன்றை மட்டுமே அனுமதிக்கிறது. அதையும் விமானத்தில் பயன்படுத்தக்கூடாது, தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கக்கூடாது என்றது. நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் இதே வழியில் கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. நம் மக்கள் பெரும்பாலும் செல்லும் விமானங்கள் இவைதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறோம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் விதியைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் நினைவில் வைக்கவேண்டியவை நான்கு.

ஒன்று, பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் ஒருபோதும் வைக்கக்கூடாது. கைப்பைக்குள்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் பார்க்க முடியாது. பயணிகள் அறையில் என்றால் பணியாளர்கள் உடனே அணைக்கலாம்.

இரண்டு, சில வேளைகளில் விமானக் கதவருகே இடமில்லை என்று கைப்பெட்டியையும் வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அப்போது பவர் பேங்கை மறக்காமல் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவே வேண்டாம்.

மூன்று, விமானத்தில் அதைக் கண்ணில் படும்படி இருக்கைக்கு முன்னுள்ள பையிலோ காலடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்குச் சார்ஜ் வேண்டுமென்றால் இருக்கையில் உள்ள துளையைப் பயன்படுத்தலாம்.

நான்கு, கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை முன்னும் பின்னும் அசைத்துத் தேடக்கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும். பணியாளரைக் கூப்பிட வேண்டும். வெட்கப்பட வேண்டாம்.

இணையம்: மூன்று வழிகள்

முதல் வழி, நம் சொந்த எண்ணிலேயே ரோமிங் பெறுவது. நாம் வெளிநாட்டில் இறங்கியதும் கைப்பேசி அங்குள்ள கோபுரத்தைத் தேடும். அந்த நாட்டு நிறுவனம், 'இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா, அனுமதி உண்டா?' என்று இந்திய நிறுவனத்திடம் கேட்கும். இங்கிருந்து 'ஆம்' என்ற பதில் போனால்தான் லைன் கிடைக்கும். அந்த 'ஆம்' வேண்டுமென்றால் ஊரிலேயே ரோமிங்கைத் தொடங்கி, போகும் நாடுகளுக்குரிய பேக் போட்டிருக்க வேண்டும். மூன்று நாடுகளுக்குப் போகிறோம் என்றால் அந்த மூன்றும் அந்தப் பேக்கில் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பேக் இல்லாமல் இணையத்தைத் திறந்தால் பெருந்தொகை பறிபோகும்.

இரண்டாம் வழி, போன இடத்தில் சிம் வாங்குவது. ஐரோப்பாவில் இது எளிது. 2017 சூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் நீக்கப்பட்டது. எனவே உரோமையில் வாங்கிய சிம் லூர்திலும் பாத்திமாவிலும் வேலை செய்யும். திருநாட்டுப் பயணத்தில் அப்படியில்லை. யோர்தான், இஸ்ரயேல், எகிப்து மூன்றும் மூன்று தனி நாடுகள். ஒன்றின் சிம் அடுத்ததில் உதவாது. பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் உள்ளது. அங்கே நிறுவனங்களும் வேறு.

மூன்றாம் வழி, இ-சிம். இது கையில் பிடிக்கும் அட்டை அல்ல. கைப்பேசிக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம். புதிய கைப்பேசிகள் பலவற்றில் இந்த வசதி உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. இதைப் பதிய இணையம் வேண்டும். ஆகவே செஞ்சியிலிருந்து திண்டிவனம் வண்டி ஏறும் முன்பே வீட்டில் பதிந்துவிட வேண்டும். அங்கே போய்ப் பதியலாம் என்று இருந்தால், இணையம் வாங்கவே இணையம் தேவைப்படும் நிலையில் நிற்போம்.

முதியவர்களுக்கு நாம் முதல் வழியையே பரிந்துரைப்போம். பணம் சற்று கூடினாலும் எண் மாறுவதில்லை. வீட்டார் வழக்கமான எண்ணுக்கே அழைக்கலாம்.

எந்த வழியானாலும் இந்திய சிம்மைக் கழற்றிப் பையில் போட்டுவிடாதீர்கள். அட்டையைத் தேய்த்தால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம் கைப்பேசியில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. இரண்டு சிம் இருந்தால் இந்திய எண்ணில் 'டேட்டா ரோமிங்'கை அணைத்துவிட்டு, இணையத்தை மற்றதில் மட்டும் திறந்துகொள்ளலாம். ப்ரீபெய்டு எண்ணாயின், பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் செல்லும்படி ரீசார்ஜ் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்தி வையுங்கள். அன்பியக் குழுவில் தினமும் வரும் காலை வணக்கப் படங்களே நம் பேக்கை மதியத்துக்குள் தீர்த்துவிடும். அனுப்புகிறவர்களின் அன்பில் குறையில்லை. நம் பேக்கில்தான் இடமில்லை.

செல்லும் நாடுகளின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வரைபடம் கைப்பேசியில் இருந்தால், இணையம் இல்லாதபோதும் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டும். அந்தக் குறிப்பு செயற்கைக் கோளிலிருந்து வருகிறது. பழைய எருசலேமின் சந்துகளில் வழி தவறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தந்த இடத்தின் வழக்கம்

எருசலேமில் வெள்ளி மாலை சூரியன் மறைந்தது முதல் சனி மாலை வரை ஓய்வுநாள். யூதர் பகுதிக் கடைகள் மூடியிருக்கும். வெள்ளி மாலை இறங்கி சிம் வாங்கலாம் என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள். மேற்குச் சுவர் வளாகத்தில் ஓய்வுநாளில் கைப்பேசி பயன்படுத்துவதும் படமெடுப்பதும் கூடாது. அவர்களுடைய இறைபற்றை மதித்து நாமும் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

துபாயில் விமானம் மாறுபவர்கள் அங்கே வாட்ஸ்அப்பில் பேச முயன்று, கைப்பேசி பழுதாகிவிட்டதாகப் பயந்துவிடுகிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும். பேச்சு அழைப்புக்குத் தடை உண்டு. 'நலமாக இறங்கினோம்' என்று எழுதி அனுப்பினால் போதும்.

சீனாய் மலை 2,285 மீட்டர் உயரம். சூரிய உதயத்தைக் காண நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்குவார்கள். குளிரில் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும். 50 சதவீதம் காட்டிய கைப்பேசி சட்டென்று அணைந்துபோகலாம். அதைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வழிக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் தனியாக ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசி விளக்கை நம்ப வேண்டாம்.

பேட்டரி தேவைப்படாத ஒன்று

இவ்வளவையும் செய்தாலும் கைப்பேசி தொலையலாம், உடையலாம், திருடு போகலாம். ஆகவே ஒரு தாள் எழுதுங்கள். அதில் குழுத் தலைவர் எண், வழிகாட்டி எண், உடன் வரும் இருவர் எண், தங்கும் விடுதிகளின் பெயரும் தேதியும், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண், வீட்டு எண் ஆகியவை இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர உதவிக்கு 112. நம் நாட்டிலும் அதே எண்தான் என்பதால் மறக்காது. இந்தத் தாளை மூன்று படியாக எடுங்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில், ஒன்று வீட்டில், ஒன்று பங்கு இல்லத்தில். மல்லாட்டை பயிரிடும் நம் சகோதரர் வீட்டில் அன்று இந்த ஒரு தாள் இருந்திருந்தால் போதும். அன்றிரவே யாராவது ஒருவர் வழியாக அவருக்குச் செய்தி போயிருக்கும்.

அதோடு, தினமும் ஒரு நேரத்தை வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 'இரவு உணவுக்குப் பின் ஒரு செய்தி அனுப்புவேன். இரண்டு நாள் வராவிட்டால் குழுத் தலைவரைக் கூப்பிடு' என்று சொல்லிவிட்டுப் போனால், இங்கே இருப்பவர்களும் தூங்குவார்கள், அங்கே இருப்பவரும் நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

அணைத்து வைக்கும் நேரமும் உண்டு

இவ்வளவு சொன்ன நாமே இதையும் சொல்லவேண்டும். கல்லறைத் திருக்கோவிலில் வரிசையில் நின்று, முழந்தாளிட்டுச் செபிக்கக் கிடைப்பது சில நொடிகள். அந்த நொடிகளையும் படமெடுப்பதில் செலவழித்துவிட்டு, வெளியே வந்து படத்தைப் பார்த்துக் கண்ணீர்விடுபவர்களைக் கண்டிருக்கிறோம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமெடுக்கவே அனுமதியில்லை. அங்கே மட்டும்தான் எல்லாரும் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பவர் பேங்க் நிறைந்திருப்பது நாள் முழுவதும் கைப்பேசியைப் பிடித்திருப்பதற்காக அல்ல. தேவையான நேரத்தில் அது உயிரோடு இருக்கும் என்ற நிம்மதியில், மற்ற நேரங்களில் அதை மறந்திருப்பதற்காக.

நம் செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் ஒன்றானது. அதைப் பார்க்க இப்போது வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். மதில்களின் உயரத்தைப் பார்த்து வியக்கிறார்கள். ஆனால் 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சூழ்ந்து நின்றபோது, ராஜாராம் இந்தக் கோட்டையில் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு மதில் மட்டும் காரணமல்ல. களஞ்சியங்களையும், மலைமேல் வற்றாத சுனைகளையும், குளங்களையும் முன்பே கட்டி வைத்தவர்களின் முன்யோசனையும் காரணம். முற்றுகை தொடங்கிய பிறகு குளம் வெட்ட முடியாது.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன பத்துத் தோழியர் உவமையும் இதைத்தான் நினைவூட்டுகிறது. பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: ஐந்து பேர் கூடவே கொஞ்சம் எண்ணெயும் எடுத்து வந்திருந்தார்கள். உவமையின் பொருள் இறையாட்சிக்கான ஆயத்தம் என்பதை நாம் அறிவோம். அதைச் சார்ஜருக்காகச் சுருக்கிவிடக் கூடாது. ஆனால் சிறியவற்றில் ஆயத்தமாயிருக்கப் பழகாதவன் பெரியவற்றில் ஆயத்தமாயிருப்பது கடினம்.

அந்தச் சகோதரர் இப்போது நம் பங்கிலிருந்து யார் வெளிநாடு புறப்பட்டாலும், அது திருப்பயணமானாலும் வேலைக்கானாலும், அவர்கள் வீட்டுக்குப் போகிறார். "தாள் எழுதினியா? வீட்ல ஒண்ணு குடுத்தியா?" என்று கேட்கிறார். எழுதாவிட்டால் தானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

புறப்படுகிற உங்கள் அனைவரையும், வீட்டில் காத்திருக்கிறவர்களையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.